யானைக்குள் என் விசில்

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் துப்புரவு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

"பூங்கா யானைக்குள்ள ஊதுறது என் விசிலுதான்க்கா" என்றாள் இளையவள்.

பழைய டயரில் செய்த யானை அது. அதிலுள்ள சக்கரத்தைச் சுற்றினால் சைக்கிள் பம்பு காற்றடித்து விசில் ஊதும்.

"இன்னா பிரயோசனம்? பலகையில காண்ட்ராக்டர் பேருதானடி இருக்குது" என்றாள் மூத்தவள்.

அந்தப் பலகையை நானும் பார்த்திருக்கிறேன். வெட்கங்கெட்ட பலகை.

"அந்தாளு ஒரு டயரத் தொட்டிருப்பானா? பொறுக்கினது, கட்டினது எல்லாம் நாம. நாளைக்குத் திறப்பு விழாவுல கலெக்டர் சக்கரத்தச் சுத்தட்டும்" என்றாள் இளையவள்.

"சுத்தினா?"

"காலையில குப்பை வாங்க நான் ஊதுற மாதிரியே ஊதும். தெருவே கூடையத் தூக்கிக்கினு, 'செல்வி வந்துட்டா'ன்னு ஓடியாரும். அப்புறம் பலகையை எவன் படிப்பான்?"