தோணித்துறைக்கு வாங்கிய லைற்

வாகரை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். புது மின்விளக்குப் பெட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்: “வீட்டு விறாந்தைக்குப் போடுற லைற்றத்தான் போனமுற நான் தோணித்துறையில பூட்டினன், மச்சான்.”

“அது மழைக்கும் உப்புக்காத்துக்கும் நிக்காதே.”

“கடைக்காரனும் சொன்னவன், தண்ணி போகாத லைற்ற எடுங்க எண்டு. நான்தான் கேக்கல்ல. மழைத்தண்ணி உள்ளுக்கு இறங்கி, இரும்புக் கம்பத்துல கரண்ட் ஏறிற்று. என்ட தம்பி தோணி கட்டப் போய் அதப் பிடிச்சிற்றான்.”

“இப்ப எப்பிடி?”

“உசிர் தப்பிற்று. வலக்கையால வலை இழுக்க ஏலா.”

“உங்கள ஏசினவனா?”

“ஏசியிருந்தா நல்லாரிக்கும். ‘இந்தமுற தண்ணி போகாததாப் பாத்து வாங்குங்க அண்ணன், மத்த ஆக்களும் அங்கதானே தோணி கட்டுற’ எண்டு மட்டுந்தான் சொன்னான்.”