டார்சியின் படுகைக்கு நான் சொன்ன எண்

“எண்ண மட்டும் சொல்லு நோலீன், வியாக்கியானம் எல்லாம்...”

“சொல்லத்தானே வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீ...”

“எழுவது பேரு சாப்பிட வராங்க...”

“வரட்டும். மூணு. போதுமா?”

டார்சியும் நானும் பேசினால் இப்படித்தான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நீங்கள் முதலில் டீயைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் டீகன். சிட்னியிலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

சிப்பியில் கிருமி அளக்க ஊருக்கே பொதுவாக இருக்கும் பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் வாக்குமூலத்தில் இருக்கட்டும். சிப்பியை அரைத்து, வடிகட்டி, சூடாக்கி ஒரு சொட்டு விட வேண்டும். உள்ளே சொருகும் சில்லில், கிருமியின் மரபணு இழைக்கு ஜோடியான துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கிருமி இருந்தால் அதன் இழை வந்து ஜோடியைக் கட்டிக்கொள்ளும், திரையில் எண் ஏறும். எங்கள் கழிமுகத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் வாய்க்காத பொருத்தம். பத்தைத் தாண்டினால் சிப்பி எதையும் எடுக்காமல் படுகையை மூடிவிட வேண்டும்.

தன் படுகையைத் தானே அளக்கக் கூடாது என்பது சிப்பி வளர்ப்பவர்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். டார்சியுடையதை நான் அளப்பேன், என்னுடையதை அவன். எண்ணை வாயால் சொன்னால் போதும். ‘திரையைக் காட்டு’ என்று கேட்பது, உன் அப்பா யார் என்று கேட்பதற்குச் சமம். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

போன ஜனவரியில் அவன் என் படுகைக்கு ஐம்பத்திரண்டு என்றான். நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் மூடினேன். அந்த வெயிலில் தட்டுத் தட்டாகச் செத்தன. என் புருஷன் ராஸ் சாவதற்கு முன் தன் கையால் இறக்கிவிட்ட கடைசிச் சிப்பிகள் அவை. ஒன்றுகூட யார் வாய்க்கும் போகவில்லை. டார்சி பொய் சொன்னான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், தெரிந்தது.

அவன் கல்லீரல் நாற்பது வருடம் பீரில் ஊறியது. இந்தக் கிருமி நமக்கு வந்தால் இரண்டு நாள் கக்கூஸோடு போகும், அவனுக்கு வந்தால் ஆளே போய்விடுவான் என்று டாக்டர் பப்பில் வைத்தே சொன்னார், ஊருக்கே தெரியும். அதனால்தான் தன் பிறந்தநாள் விருந்துக்கு முன் அப்படி எண்ணுக்காகப் பறந்தான். திரையில் நாற்பத்தொன்று. நான் மூன்று என்றேன்.

விருந்துக்குப் போனேன், கூப்பிட்டிருந்தானே. மற்றவர்களுக்கு நானே அடுப்படியில் நின்று, சீஸும் பன்றிக்கறியும் தூவிச் சிப்பிகளை நன்றாக வாட்டிக் கொடுத்தேன். சூட்டில் கிருமி செத்துவிடும். ஊரைக் கொல்ல நான் என்ன அரக்கியா? பச்சையாகத் தின்பவன் அவன் ஒருவன்தான். ஒரு டஜன் தின்றான். எலுமிச்சம்பழம்கூட நான் நறுக்கியதுதான்.

“ரொம்பப் பாசமா இருக்கியே, விஷம் கிஷம் வச்சிட்டியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கிருமி ரத்தத்தில் ஏறி அவன் பெண்டாட்டி கொலீன் காலை வெட்டி எடுக்க வேண்டிவந்ததற்கு நான் பொறுப்பில்லை. அடுத்தவர் தட்டில் கைவைத்துத் தின்னும் பழக்கம் அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு.

மூன்றாம் நாள் டார்சி போனான். அடக்கத்துக்கு நான் கேக் செய்து கொண்டுபோனேன். தெரிந்தே சொன்ன எண், தெரிந்தே நறுக்கிய பழம், அவன் சாக வேண்டும் என்றே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இதுவரை எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை, டீகன். ஆனால் பெட்டியை உங்கள் கணினியில் சொருகினீர்களே, அது பழைய எண்களையெல்லாம் உள்ளே வைத்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. என் நாற்பத்தொன்று அங்கே இருக்கிறது, சரி. அதற்கு மேலே போன ஜனவரி, என் படுகை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

“இந்தப் பெட்டி சில சமயம் தப்பாவும் காட்டும், இல்லையா கண்ணு?”