மண்மேட்டில் ஒரு சிவப்புக் கொடி

கோடை விடுமுறை வந்தால் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஆளுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். சிங்காரவேலு சுரங்க மண்ணை நிறம் பிரித்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு திரிவான். சந்திரகலா எந்தெந்த விளக்குக் கம்பத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது என்று நோட்டுப் போட்டு எழுதுவாள். எனக்குப் பிடித்தது சறுக்கல். உட்கார் வேலுமணி, காபி ஆறுகிறது. உன் அக்கா தனம் எப்படிச் செத்தாள் என்று கேட்டு வந்திருக்கிறாய். சறுக்கலில் ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணை வெட்டிக் கொட்டிக் கொட்டி, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பெரிய மேடு எழும்பியிருந்தது. அப்பா மைன்ஸில் ஆபரேட்டர். தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டு கொண்டுவந்து வாசலில் மிதியடியாகப் போட்டிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மேட்டின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து, காலால் ஓர் உந்து உந்தினால் போதும், கீழே வந்துதான் மூச்சு விடுவோம். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவள் நான். அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

உன் அம்மா மாணிக்கம்மாள் அப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் தனமும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கூடவே வருவாள். பன்னிரண்டு வயது, என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒருநாள் ஒரு பனைமட்டையோடு மேட்டுக்கு வந்து, அதில் உட்கார்ந்து என்னைவிட வேகமாகச் சறுக்கினாள். அவ்வளவுதான், என் பெல்ட் செல்லாக்காசாகிவிட்டது. பிளாக் பிள்ளைகள் எல்லாரும் பனைமட்டைக்கு அலைந்தார்கள். எங்கள் எச்சில் தட்டைக் கழுவுகிறவளின் மகள் என்னை ஜெயிப்பதா என்று பொருமினேன். இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது. அன்று கூசவில்லை.

மே மாத நடுவில் மூன்று நாள் நல்ல மழை. மேட்டின் தெற்குச் சரிவுக்கு அடியில் இருந்த பள்ளம் சேறாகிவிட்டது. வெயில் அடித்ததும் மேலே அப்பளம் போலக் காய்ந்தது, அடியில் கூழாகவே கிடந்தது. வாட்ச்மேன் வெள்ளைச்சாமி ஆளுயர மூங்கில் கழியில் சிவப்புத் துணி கட்டி அதன் ஓரத்தில் நட்டார். கொடி இருக்கும் பக்கம் போனால் தோலை உரித்துவிடுவேன் என்றார். அவர் மிரட்டியிருக்கவே வேண்டாம். சுரங்கத்துச் சோறு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள், சிவப்புக் கொடியைத் தாண்ட மாட்டோம். உன் அக்காவும் அப்படித்தான்.

சனிக்கிழமை போட்டி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தனம் தனியாகப் பழக வருவாள் என்று எனக்குத் தெரியும். முன்னாலேயே போய் அந்தக் கொடியைப் பிடுங்கி, நாங்கள் சறுக்கும் வடக்குச் சரிவின் உச்சியில் நட்டேன். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாள், ஒருநாள் பழக்கம் கெடும், மறுநாள் காலையில் கொடியைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். இவ்வளவுதான் நினைத்தேன். பள்ளம் அத்தனை ஆழம் என்று எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியும். கொடியைப் பிடுங்கியபோது ஒரு செங்கல்லைப் போட்டுப் பார்த்தேன். மேலே இருந்த காய்ந்த மண்ணை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. சேறு திரும்ப மூடிக்கொண்டது.

தனம் வந்தாள். கொடியைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்தாள்.

"வாட்ச்மேன் கொடிய மாத்தி நட்டுட்டுப் போயிருக்காரு பாரு, கமலாக்கா. நீ இங்க எறங்காத. நான் அந்தாண்ட சறுக்கறேன்" என்றாள்.

எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, மட்டையை இழுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நடந்தாள். கூப்பிட்டுச் சொல்ல நிறைய நேரம் இருந்தது. சொன்னால் கொடியை மாற்றியது நான்தான் என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். சறுக்கி வந்த வேகத்தில் பள்ளத்துக்குள் போய், ஓரத்திலிருந்து நாலடி தள்ளி இடுப்புவரை இறங்கினாள்.

அப்புறம் ஊர் பேசியது உனக்குத் தெரியும். கொடி இருந்தும் போனாள், திமிர் பிடித்த பெண் என்றார்கள். விசாரிக்க வந்தவர்களும் கொடி இருந்தது என்றே எழுதிக்கொண்டு போனார்கள். உன் அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாமல் தலை குனிந்து நின்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பொண்ணு சொன்ன பேச்சு கேக்கலம்மா. நீதான் ஓடியாந்து ஆளக் கூப்ட்ட. நீ நல்லாருக்கணும்" என்றார்.

தலையாட்டினேன். பத்து வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறேன். வெட்கம் கெட்டுப்போய் அதற்கப்புறமும் உன் அம்மாவை எங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்க விட்டிருக்கிறேன்.

ஓடிப்போய் ஆள் கூப்பிட்டேன் என்பது நிஜம். அதற்கு முன்னால் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மேட்டின் உச்சியிலிருந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கி வந்தேன். அதற்குள் தனம் மார்புவரை போயிருந்தாள். கழியைக் கண்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. "வந்துட்டியாக்கா, நீட்டு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். கழி எட்டியிருக்கும். நான் அதை ஓரத்தில், பழைய குழியிலேயே ஊன்றி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆள் கூப்பிட ஓடினேன்.