இரண்டு கன்னியம்மாள்

— அதுக்கு நான் என்னா சார் பண்ணுவேன்? கன்னியம்மாவ வேலைய விட்டு அனுப்பச் சொன்னது மொதலாளி. நானா சொன்னேன்?

— நீ சொல்லலம்மா கீதாஞ்சலி. நீ போட்ட ரிப்போர்ட் சொல்லிச்சு. சென்னையில உக்காந்துகினு அதப் பாத்துட்டு எனக்கு போன் போடறாரு. "அருள்ராஜ், நம்ம ரெண்டு கெஸ்ட் ஹவுஸுக்கும் ரெண்டு சமையல்காரம்மாவா? ரெண்டு பேரு பேரும் கன்னியம்மாளா?"னு ஒரே சிரிப்பு. அப்பறம், "ஒருத்தர அனுப்பிடு"ன்றாரு.

— ஒரே ஆளுதான்னு நீங்க சொல்லலயா?

— தொண்டை கிழிய சொன்னேன். "ரிப்போர்ட்ல ரெண்டு இருக்கேய்யா"ன்றாரு. அந்தாளு இந்த ஊருக்கு வந்தே ரெண்டு கார்த்திகை தீபம் ஆச்சு. ஏம்மா, இருக்கறதே ஒருத்தி. அவளையும் அனுப்பிட்டா யாரு ஆக்கறது, நீயா?

— நான் சுடுதண்ணி வெப்பேன் சார்.

— வெளையாடாத. காலையில செங்கம் ரோட்டுல நான் மேனேஜரா இருக்கற கெஸ்ட் ஹவுஸ் வீட்டுக்கு டிபன். அப்பறம் ஷேர் ஆட்டோ புடிச்சு வேங்கிக்கால்ல குமரேசன் பாத்துக்கற வீட்டுக்கு மத்தியான சாப்பாடு. புருஷன் இல்லாதவ, பொண்ணு நர்சிங் படிக்குது. அவகிட்ட போய் நான் எந்த வாய வெச்சுகினு சொல்றது?

— தப்பு என்மேல தான் சார். இந்த கம்ப்யூட்டர் கணக்குல ஒவ்வொரு ஆளும் ஒரு வீட்டுக்குக் கீழ தான் நிக்க முடியும். மொதல்ல உங்க வீட்டுக்குக் கீழ தான் வெச்சேன். குமரேசன் சார், "நான் மேனேஜரா இருக்கற வீட்டுல சமையலுக்கு ஆளே காட்டலயே"ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. சரின்னு அவருக்குக் கீழ புது நம்பர்ல இன்னொரு கன்னியம்மாவப் போட்டுட்டேன். மொத்தம் கூட்டும்போது ரெண்டாயிட்டாங்க.

— குமரேசன் வாய அடைக்க ஒருத்திய பெத்துப் போட்டுட்ட.

— சிம்பிள் சார். அந்த ரெண்டாவது வரிய அழிச்சிட்டா முடிஞ்சுது.

— அழிச்சா குமரேசன் திருப்பியும் கத்துவான். நீ திருப்பியும் ஒண்ணு போடுவ. இதுக்கு வேற வழியே இல்லயா?

— இருக்கு. ரேஷன் கார்டு மாதிரி வெச்சுக்கோங்க. கட்டிக் குடுத்த பொண்ணு பேரு புருஷன் வீட்டு கார்டுல தான் இருக்கும். ஆனா அம்மா வீட்டுலயும் வந்து சாப்புடுதில்ல? அதே மாதிரி, பேரு உங்க வீட்டுக்குக் கீழ ஒரு தடவ. அவங்க போற வீடுங்கள தனியா ஒரு லிஸ்ட்ல எழுதி இணைச்சிடலாம். ரெண்டு வீட்டுலயும் தெரிவாங்க, மொத்தத்துல ஒரு தடவ தான் எண்ணும்.

— அதச் செய்யி. ஆனா சும்மா செஞ்சா அந்தாளு கண்ணுக்குப் படாது. பெருசா எழுதிப் போடு. "வீடு ரெண்டு, ஆளு ஒண்ணு"ன்னு.

— அதெல்லாம் எதுக்கு சார்? நம்பர் சரியானாலே போதுமே.

— போதாது. ஒருத்தியே ரெண்டு வீட்டையும் எப்படி சமாளிக்கிறான்னு அவருக்குத் தெரியணும். அப்பத்தான் இன்னொரு நாளு அவமேல கைய வெக்க மாட்டாரு. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல கூட ஒரு வீட்டுலயும் சாப்பாடு லேட்டானதில்லன்னு சேத்துப் போடு. அருள்ராஜ் சொன்னாருன்னே போடு, நான் பாத்துக்கறேன்.

— நல்ல மனசு சார் உங்களுக்கு. இருங்க... இந்தா, பாருங்க. சமையல், மொத்தம் ஒண்ணு. உங்க வீட்டுலயும் இருக்காங்க, அவரு வீட்டுலயும் இருக்காங்க. மேல நீங்க சொன்னது செவப்புல.

— ஆங், இது ரிப்போர்ட்டு. அனுப்பு.

— அனுப்பிட்டேன்.

— இப்பத்தான் மூச்சு வருது. வழியில கன்னியம்மாவப் பாத்து, பயப்படாதன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்.

— இருங்க சார், பாத்துட்டாரு. பதில் வருது. "ரொம்ப நல்லா புரியுது. கன்னியம்மாள் இருக்கட்டும்"னு போட்டிருக்காரு.

— பாத்தியா! சொன்னேன்ல? அவ்ளோதானா, இன்னும் ஏதாவது போட்டிருக்காரா?

— இன்னும் ஒரு வரி இருக்கு சார். அத நான் படிக்கணுமா?

— ஏம்மா, படியேன்.

— "ஒருத்தரே ரெண்டு வீட்டையும் பாத்துக்க முடியும்னா, மேனேஜர் மட்டும் எதுக்கு ரெண்டு பேரு? குமரேசன் போதும்"னு போட்டிருக்காரு சார்.