இரண்டு அங்குல ரப்பர்

அவைக்குத் தலைமை ஏற்று, அனலையும் ஆற்றும் அமைதியோடு அமர்ந்திருக்கும் தலைவர் அம்மா அவர்களே! வாதாடி வாதாடியே தொண்டை வறண்டுபோன எங்கள் வக்கீலம்மா அவர்களே! முதுமை ஒன்றாலேயே முன்வரிசை பிடித்துவிட்ட என் வயதுப் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை முந்தானையிலும் முடிந்து வந்திருக்கும் தாய்மார்களே! பழுதான பொருளை வாங்கிப் பழுதில்லாத வாழ்வைத் தொலைத்த தோழர்களே! இந்த ரிப்பேர்க் கடைக்காரனின் வணக்கம்.

என் கையில் தாளில்லை. எழுத்து என் கண்ணுக்கு ஏறியதே இல்லை. ஆனால் ஏறியது எதுவும் என் தலையைவிட்டு இறங்கியதும் இல்லை!

ஓர் இஸ்திரிப் பெட்டியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். பெரிய கம்பெனி. பளபளக்கும் பெட்டி. ஒயர் உள்ளே நுழையும் கழுத்தில் ஒரு ரப்பர் உறை இருக்க வேண்டும். வைத்தார்களா? வைக்கவில்லை! தகர விளிம்பு கத்திபோல் நின்றது. துணிமேல் பெட்டி போக வர, போக வர, ஒயரின் தோல் அறுந்து, உள்ளே இருக்கும் கம்பி தகரத்தைத் தொடும். தொட்டால்? பெட்டி முழுவதும் மின்சாரம்!

என் கடைக்கு ஒன்று வந்தது. இரண்டு வந்தது. இருபத்து மூன்று வந்தது. நான் என்ன செய்தேன்? பழைய சைக்கிள் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். "எடுத்துட்டுப் போங்கம்மா, இனி ஜென்மத்துக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன். யாரிடமாவது சொன்னேனா? ஒரு கடைக்காரரிடம்? ஓர் அதிகாரியிடம்? இல்லை. பெருமை ஐயா, பெருமை! பெரிய கம்பெனியின் பிழையைச் சின்னக் கத்தரிக்கோலால் திருத்திவிட்டேன் என்ற பெருமை!

என் வீட்டிலும் அதே பெட்டி. வீட்டுக்காரி கேட்டாள்: "ஊரார் பெட்டிக்கெல்லாம் கழுத்துல பட்டை கட்டுறீங்க. நம்ம பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது புதுசுடி. நாளைக்குப் போடறேன்."

"உங்க நாளைக்கு எந்தக் கிழமைல வருதுன்னு சொல்லுங்க, குளிச்சிட்டுக் காத்திருக்கேன்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம், துணிக்குத் தண்ணீர் தெளித்த ஈரக்கையோடு, வெறுங்காலோடு, அந்தப் பெட்டியைப் பிடித்தாள். நான் சாப்பிட வந்தபோது சட்டை கருகிக்கொண்டிருந்தது. அது என் சட்டை.

பதினொரு குடும்பம் சேர்ந்து வழக்குப் போட்டோம். கம்பெனி என்ன சொன்னது? "பெட்டியில் குறையில்லை. ஒயரை இழுத்து முறுக்கியது உங்கள் கை!" இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே தையல்காரர், வலக்கையில் மூன்று விரலை இழந்தவர், அவரிடமே சொன்னார்கள்! குறை எல்லாப் பெட்டியிலும் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். உலகத்தில் ஒருவன்தான் உண்டு.

வக்கீலம்மா என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா, முன்னாடியே தெரியும்னு நீங்க சொன்னா, உங்க வழக்கு நிக்காது. உங்க பொண்ணும் அங்கதான் உக்காந்திருக்கும். யோசிச்சுக்கோங்க."

என் மகள். ஒரே மகள். அம்மாவைக் கம்பெனிதான் கொன்றது என்று நம்பி, என் கையைப் பிடித்து நீதிமன்றப் படியேற்றியவள்.

கூண்டில் நின்றேன். கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார். "பெரியவரே, கைநாட்டு வைக்கிறவரு இருபத்து மூணு பெட்டிய ஞாபகம் வச்சிருக்கீங்களாக்கும்? நோட்டு இருக்கா?"

"நோட்டு இருந்தா கரையான் தின்னிருக்கும் ஐயா. இது தலை. கேளுங்க. முதப் பெட்டி நர்ஸம்மாவோடது. மழை பிடிச்ச வாரம். கழுத்துல இடப்பக்கம் அரை விரல் கிழிசல். ரெண்டாவது, பேக்கரிக்காரர் மருமகளோடது. அதே இடப்பக்கம். மூணாவது..."

இருபத்து மூன்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்க வீட்டுப் பெட்டிக்கு ரப்பர் போட்டீங்களா?"

ஆம் என்றால் பொய். இல்லையென்றால் மகள் இல்லை. தையல்காரரின் கையைப் பார்த்தேன்.

"போடலை ஐயா."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய நடை என்று எனக்குத் தெரியாதா?

பத்துக் குடும்பம் வென்றது! விற்ற பெட்டிகளையெல்லாம் திரும்ப எடுக்க உத்தரவு வந்தது! கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள்! பதினோராவது வழக்கு தள்ளுபடி. அந்த வீட்டில் இன்று ஒரு தட்டு, ஒரு தம்ளர். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சொல்ல ஆளில்லை.

தோழர்களே! நான் திருத்தியது பெட்டியையா? இல்லை, கம்பெனியின் குற்றத்தை இரண்டு அங்குல ரப்பரால் மூடினேன்! இருபத்து மூன்று முறை வாய் திறந்திருந்தால் இருபத்து நான்காவது பெட்டி என் வீட்டில் உயிரைக் குடித்திருக்குமா? ஆகவே சொல்கிறேன்: பழுதைக் கண்டால் கட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், உள்ளுக்குள் வைத்து மூடாதீர்கள். கத்துங்கள்! கடையில் கத்துங்கள், வீதியில் கத்துங்கள், வழக்கு மன்றத்தில் கத்துங்கள்!

தலைவர் அம்மா மன்னிக்க வேண்டும், இன்னும் ஒரு நிமிடம். இன்று காலை நானே ஏணியில் ஏறி, ஓர் ஒலிபெருக்கிக் குழாயை என் மகள் குடியிருக்கும் தெருப்பக்கம் திருப்பி வைத்தேன். போனை அவள் எடுப்பதில்லை. கதவைத் திறப்பதில்லை.

மகளே, உன் வீட்டிலும் அதே பெட்டி இருக்கிறது; நிறம்தான் வேறு. நம் வீட்டுக்கு வாங்கிய அன்றே, அதே கடையில், உனக்கும் நான்தான் வாங்கித் தந்தேன். அதை மின்சாரத்தில் மாட்டாதே. கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. என்னோடு பேச வேண்டாம்; பேசாமலே கொடுத்துவிடு.

காது கொடுத்த உங்களுக்கும், கதவுக்குப் பின்னால் நின்றாவது கேட்டிருந்தால் அவளுக்கும், என் நன்றி. போய் வருகிறேன். வணக்கம்.