துடைத்து அனுப்பவும்

அவள்: ...அத விடுங்க, மெஷின்ல அடிச்ச கமாண்ட் ஹிஸ்டரிய அழிச்சீங்களா?

அவன்: அழிச்சாச்சு.

அவள்: அப்போ என் ஸ்கிரீன்ல தெரியறது யாரோட வண்டவாளம்? ஒரே கமாண்ட விடாம தப்பாவே அடிச்சிருக்கீங்க.

அவன்: விரல் தூங்கிடுச்சு.

அவள்: அதுக்குக் கீழ கமாண்டே இல்ல. 'ஏன்டா இப்படி பண்ற'ன்னு இருக்கு.

அவன்: மெஷின்கிட்ட மனசு விட்டுப் பேசினாத்தான் வேலை நடக்கும்.

அவள்: மெஷின்கிட்ட மட்டும்தானே...

அவன்: சரி, இப்போ அழிச்சிட்டேன். அடுத்தது?

அவள்: மெஷினோட பேரு, ஐடி, பழைய லாக், உங்க பாஸ்வேர்டு. ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. இந்த ஒரு டெம்ப்ளேட்ல இருந்துதான் கஸ்டமருக்கு முந்நூறு மெஷின் நகல் எடுக்கப் போறாங்க.

அவன்: கட்டறதே நான். எனக்கே பாடமா?

அவள்: கட்டறது நீங்க, துடைச்சு சீல் வைக்கறது நான். போன வருஷம் ஐடிய அழிக்க மறந்தது யாரு? நகல் எடுத்த அத்தனையும் எழுந்து ஒரே அட்ரஸுக்கு முட்டி மோதிட்டு நின்னுச்சே.

அவன்: ஒரே குடும்பம்னு நெனச்சிருச்சு போல.

அவள்: குடும்பத்தப் பத்தி நீங்க பேசாதீங்க. சாவி ஃபைல்?

அவன்: அழிச்சாச்சு. மெஷின் முதல் தடவை எழும்போது அதுவே புதுசா ஒண்ணு போட்டுக்கும்.

அவள்: பரவாயில்லையே. அது என்ன சத்தம் அங்க, டமடமன்னு?

அவன்: வாஷிங் மெஷின். ஆடி ஆடி நடந்து கதவு வரைக்கும் வந்துடுச்சு.

அவள்: அது காலுக்கு அடியில அட்டை மடிச்சு வச்சிருந்தேனே?

அவன்: பெருக்கும்போது குப்பைன்னு போட்டுட்டேன்.

அவள்: பெருக்கினீங்களா? நீங்களா?

அவன்: வேற யாரு இருக்கா இங்க...

அவள்: சிவப்புத் துண்ட தனியாத்தானே போட்டீங்க?

அவன்: எல்லாத்தோடயும் சேத்துத்தான்...

அவள்: அதான் இன்னிக்கு கேமரா போடலயா?

அவன்: ரோஸ் கலர் எனக்கு நல்லாத்தான் இருக்கு.

அவள்: ஒரு நிமிஷம்... இதோ வரேம்மா... இல்லம்மா, ஆபீஸ் கால்... ஆபீஸ்ல ஒருத்தர்.

அவன்: ஆபீஸ்ல ஒருத்தரா?

அவள்: பின்ன?

அவன்: கட்டின புருஷன் மூணே மாசத்துல ஆபீஸ்ல ஒருத்தர் ஆயிட்டேனா? அத்தை என் குரல கண்டுபிடிச்சிருப்பாங்களே.

அவள்: கண்டுபிடிச்சிட்டாங்க. 'மாப்பிள்ளைக்கு சளி பிடிச்சிருக்கா'ன்னு கேக்கறாங்க.

அவன்: அவங்களாவது கேக்கறாங்க.

அவள்: கேக்கறதப் பத்தியும் நீங்க பேசாதீங்க. காய்ச்சல்ல ரெண்டு நாள் சுருண்டு கிடந்தேன். பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு சர்வர் எழுந்துச்சா, எழுந்துச்சான்னு ஊரையே போன்ல விசாரிச்சீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை, சாப்பிட்டியான்னு...

அவன்: இரு, இரு. குக்கர் லைன்ல வரார்.

அவள்: விசிலடிக்க நேரம் பாத்தார் பாரு, இந்த மேனேஜர்...

மேனேஜர்: என்ன, ஆச்சா? சாயங்காலம் கஸ்டமர்கிட்ட போகணும்.

அவள்: கடைசி கட்டம் சார்.

அவன்: மேடம் துடைச்சிட்டிருக்காங்க சார்.

மேனேஜர்: நல்லாத் துடைக்கச் சொல்லுங்க. போன ரெண்டு மாசமும் நாம அனுப்பினதுல, லாகின் பண்ணா ஸ்கிரீன்ல 'சாப்பிட்டியா?'ன்னு ஒரு வரி வருதாம். முந்நூறு மெஷின்லயும்.

அவன்: சாப்பிட்டியாவா?

மேனேஜர்: அவங்க பெரிய ஆபீசர் லாகின் பண்ணியிருக்கார். மரியாதை இல்லாம கேக்குதுன்னு எகிறிட்டார்.

அவள்: மத்தவங்க என்ன சொன்னாங்க சார்?

மேனேஜர்: அதான் கொடுமை. மத்தவங்க எடுக்க வேணாங்கறாங்க. ஷிப்ட்ல இருக்கற ஒருத்தர், 'இந்த ஆபீஸ்ல என்னப் பாத்து அப்படிக் கேக்கறது இது ஒண்ணுதான்'னு மெயில் போட்டிருக்கார். எனக்கு அதெல்லாம் தெரியாது. யாரு வச்சதுன்னு இன்னிக்கே பேரு வேணும். அந்த ஆளு இனிமே இந்த வேலையில இருக்கக் கூடாது.

அவன்: சார், அது வந்து...

அவள்: பாத்துச் சொல்றோம் சார்.

மேனேஜர்: சீக்கிரம்.

அவன்: ...போயிட்டாரா?

அவள்: போயிட்டார்.

அவன்: என் பேரச் சொல்லிடறேன்.

அவள்: அவசரப்படாதீங்க. இந்த வேலையில இருந்து தூக்கிடுவார்.

அவன்: தெரியும். மாசத்துக்கு ஒரு நாள் உன் குரல கேக்கறது இதுலதான். அதுவும் போயிடும்... ஆனா சீல் வச்சது நீ. நான் சொல்லலன்னா பழி உன் தலையில விடியும்.

அவள்: நீங்கதான் வச்சீங்களா?

அவன்: நீ அம்மா வீட்டுக்குக் கிளம்பின மாசம். போன எடுக்கல, மெசேஜ் பாக்கல. டெஸ்ட் பண்றதுக்கு லாகின் பண்ணித்தானே ஆகணும், அப்பவாவது கண்ணுல படும்னு...

அவள்: பட்டுச்சு.

அவன்: ஒண்ணுமே சொல்லலயே?

அவள்: பக்கத்து ரூம்ல இருந்தப்போ கேக்காம, கஸ்டமர் மெஷின்ல வந்து கேட்டா என்ன சொல்றதாம்? கோவம் வந்துச்சு. சிரிப்பும் வந்துச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் அந்த வரிய அழிச்சு, சீல் வச்சு அனுப்பினேன்.

அவன்: அழிச்சிட்டியா?

அவள்: அதானே என் வேலை.

அவன்: இரு... என் பழைய வரிதான் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன். நீ அன்னிக்கே அழிச்சிட்டேன்னா, அப்போ இந்த முந்நூறும்...

அவள்: அடுத்த மாசம் ஏன் வைக்கல?

அவன்: நீதான் பதிலே சொல்லலயே. இதுலயும் போய் உன்னத் தொல்லை பண்ண வேணாம்னு விட்டுட்டேன். முதல்ல இருந்து புதுசா கட்டினேன். அதுல அந்த வரி இல்லவே இல்ல.

அவள்: தெரியும்.

அவன்: உனக்கு எப்படித் தெரியும்?

அவள்: தேடினேன்... ஒவ்வொரு ஃபைலா.

அவன்: தேடினியா? நானும் வைக்கல, நீயும் அழிச்சிட்ட. அப்போ போன ரெண்டு மாசமா கஸ்டமர்கிட்ட போனதுல... யாரு...

அவள்: நீ கேக்கல. அதான் நானே அடிச்சு வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு தடவை லாகின் பண்ணும்போதும் நீ கேக்கற மாதிரியே இருந்துச்சா... சீல் வைக்கற நேரத்துல எடுக்க மனசு வரல. குக்கர்கிட்ட என் பேரச் சொல்லு. சொல்லிட்டு அந்த ரோஸ் சட்டையோடவே கிளம்பி வா. நான் இன்னும் சாப்பிடல.