புளி விக்கப் போன சிங்காரம்

— மூணு பொறந்தாச்சு, போதும் நர்ஸம்மா. என்னை ஆபரேஷனுக்கு இட்டுனு போய்டுங்க.

— இரு திரௌபதி. வெரலைக் குத்திப் பாத்தேன் இல்ல? உனக்கு ரத்தம் ரொம்ப கம்மி. இதோட எந்த டாக்டரும் டேபிள்ல ஏத்த மாட்டாரு. மொதல்ல மலைக்குக் கீழ ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போயி இரும்புச்சத்து ஏத்தணும். நான் குடுத்த மாத்திரை போட்டியா?

— போட்டேனே. தெனம் காலைல, டீயோட.

— அட! டீயோட போட்டா சத்து ஒடம்புல ஒட்டாதும்மா. எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு.

— சரி, ரத்தம் ஏறறதுக்குள்ள வயித்துல இன்னொண்ணு நின்னுச்சுன்னா? போன வாட்டி புள்ள பொறந்ததும் ரத்தம் நிக்கவே இல்ல. நீங்க ஊசி போட்டு, வயித்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு, என்னைத் திருப்பிக் கொண்டாந்தீங்க. மறுக்கா என்னால ஆவாது.

— அதான் கேக்கறேன், எப்பவும் பொம்பளைங்களே ஏன் படுக்கணும்? ஆம்பளை ஆபரேஷன் இதைவிட சுளுவு. தையல் கெடையாது. அன்னிக்கே வூட்டுக்கு வந்துடலாம்.

— ஐய! எங்க வூட்டுக்காரரா? முள்ளெடுக்க ஊசி கொண்டாந்தாலே புளியமரத்து உச்சிக்குப் போய்டுவாரு! முந்தாநேத்து ஆலங்காயத்துக்குப் புளி விக்கப் போனாரு. வந்ததுலேர்ந்து காலை அகட்டி அகட்டி நடக்கறாரு. இன்னா மாமான்னா, பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேங்கறாரு. பஸ்ஸுல நின்னதுக்கே அந்த பாடு... தோ, அவரே வர்றாரு பாருங்க.

— நர்ஸம்மா, கீறீங்களா? ...அய்ய, நீ இன்னா பண்ற இங்க?

— நான் இருக்கட்டும். நீ இன்னா பண்ற மாமா?

— அது... இன்னான்னா... ஒண்ணுமில்ல. அப்பால வர்றேன்.

— நில்லுங்க சிங்காரம். ஒடம்புக்கு இன்னா?

— இன்னான்னா நர்ஸம்மா... கீழ டாக்டரு சொன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு உங்ககிட்ட ஒரு வாட்டி காட்டிக்கோன்னு.

— இன்னா டாக்டரு? புளி விக்கத்தான போன?

— புளியும் வித்தேன். வித்துட்டு... ஆஸ்பத்திரிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கினேன்.

— திரௌபதி, உக்காரு. மூச்சு வுடும்மா.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மாமா!

— சொன்னா வுட்டிருப்பியா? ஏர் புடிக்கறவன், பலம் போய்டும்னு அழுதிருப்ப. அன்னிக்கு இந்தக் கட்டில்ல நீ ரத்தமா கெடந்த. நான் வெளிய நின்னேன். இனிமே இவளை இதுல படுக்க வைக்கறதில்லன்னு அப்பவே நெனச்சுட்டேன். ஊசின்னா எனக்கு பயம்தான். கண்ணை இறுக்கி மூடிக்கினு, உம் பேரைச் சொல்லிக்கினே கெடந்தேன். தொறந்தா, முடிஞ்சுபோச்சு எழுந்திருங்கறாங்க.

— இன்னாம்மா, அழுவறியா, சிரிக்கறியா?

— ரெண்டும் வருது நர்ஸம்மா! இந்த ஆளை இன்னா பண்றது?

— பத்திரமா பாத்துக்க. ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது. மூணு மாசம் ஆணுறை போட்டே ஆவணும். அப்பால டெஸ்ட் எடுத்து டாக்டரு சரின்னாத்தான் நம்பலாம். திரௌபதி, நீ மாத்திரையை வுடாத. சிங்காரம், எத்தினி வருசமா ஊரு ஊரா இதைச் சொல்லிக்கினு திரியறேன் தெரியுமா? என் ஏரியாவுல நீங்கதான் மொத ஆளு.

— வா மாமா, வூட்டுக்குப் போலாம். கோழி அடிக்கறேன். இன்னிக்கு கறி எல்லாம் உனக்குத்தான்.

— இரு திரௌபதி. நர்ஸம்மா, வேலியாண்ட என் கூட்டாளிங்க கோபால்சாமியும் ராஜாக்கண்ணும் அர்ச்சுனனும் நிக்கறாங்க.

— எதுக்கு?

— அவங்ககிட்ட மட்டும் விசயத்தைச் சொல்லியிருந்தேன், ரெண்டு நாளா என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னதும், அவங்களும் பண்ணிக்கறேன்னு கெளம்பி வந்துட்டாங்க. உள்ள வரத்தான் வெக்கமாம், நீங்க கொஞ்சம் கூப்புடுங்களேன்.